பத்து மணிப் புதிரும் ஒரு பெயரும்

வாட்ஸப்பில் கைகூப்பும் அந்த மஞ்சள் பொம்மையைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. ஒரு காலத்தில் அது வருமா வருமா என்று போனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான் நான். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ நான் ஒருத்தன்தான் யோக்கியன் என்கிற மாதிரி ஆகிவிடும்.

அது ஒரு கர்நாடக சங்கீதப் புதிர்க் குழு. தினமும் காலை பத்து மணிக்கு அட்மின் ஒரு சின்ன ஒலித்துண்டைப் போடுவார். ஏழெட்டு வினாடிதான் இருக்கும். கொஞ்சம் வயலின், கொஞ்சம் புல்லாங்குழல், சில நாள் ஒரு குரல். என்ன ராகம் என்று முதலில் சரியாகச் சொல்கிறவருக்கு ஒரு புள்ளி. சனிக்கிழமை அதிகப் புள்ளி வைத்திருப்பவர் 'வார ரசிகர்'. அவர் தன்னைப் பற்றி நாலு வரி எழுதி, போட்டோவோடு குழுவில் போட்டுக்கொள்ளலாம். பரிசு அவ்வளவுதான். இதற்காகப் பெரிய பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், குழாயடியில் கூட நடக்காத சண்டையை 'தாங்கள்', 'தங்கள்' என்று மரியாதையாகப் போட்டுக்கொள்வார்கள்.

நான் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறவன். நாங்கள் செய்வது பீஸ் கட்டை. உங்கள் வீட்டு மீட்டர் போர்டில் வெள்ளையாக உட்கார்ந்திருக்குமே, அதுதான். சங்கீதம் நான் முறையாகப் படித்ததில்லை. ரேடியோவில் கேட்டது, அப்புறம் யூடியூபில் கேட்டது. நூறு ராகத்தின் பெயர் தெரியும். பெயர் தெரிந்தால் ராகம் தெரியும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்த ஒருவன் சென்னையில் இருக்கிறான், அவன்தான் என்னைக் குழுவில் சேர்த்துவிட்டான்.

சேர்ந்த அன்றே ஒருவர் கேட்டார், "தாங்கள் யாரிடம் பாடம்?" யாரிடமும் இல்லை என்றேன். "ஊர்?" விருத்தாசலம் என்றேன். "ஓ, பீங்கான் ஊர். அங்கே சங்கீதம் உண்டா?" என்று ஒரு சிரிப்புப் பொம்மை. இன்னொரு அம்மாள், கொலுவுக்குப் பொம்மை செட் அனுப்ப முடியுமா என்று விசாரித்தார். எங்கள் கம்பெனியில் பொம்மை செய்வதில்லை என்று எழுதினேன். அதற்கும் ஒரு கைகூப்பு வந்தது.

முதல் இரண்டு மாதம் எனக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. துண்டைப் போட்ட மறு நிமிஷமே இருபது பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். நான் யோசித்து யோசித்துக் கரகரப்பிரியா என்று போட்டால் அது வேறு எதுவாகவாவது இருக்கும். தப்பாகச் சொன்னவர்களுக்கு அட்மின் ஒரு வரி வைத்திருந்தார். "இன்னும் கேட்க வேண்டும்." அதைப் படிக்கும்போது நெஞ்சில் யாரோ ஈரத் துணியைப் பிழிந்து போட்ட மாதிரி இருக்கும். ஆனாலும் குழுவை விட்டு விலக மனசு வரவில்லை.

எங்கள் கம்பெனியில் டீ பிரேக்கும் பத்து மணிக்குத்தான். ஒரு நாள் டெஸ்பாட்ச் ஷெட்டில் போனை மேஜையில் வைத்து, அந்த எட்டு வினாடியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தட்டிப் பார்க்கிற அம்மா ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். சூளையிலிருந்து வந்த கட்டைகளை ஜோடி ஜோடியாக எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுவதுதான் அவர் வேலை. கீறல் இல்லாத கட்டை கணீர் என்னும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் டொக்கென்று விழும், அதை ரிஜெக்ட் கூடையில் போட்டுவிடுவார். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் தட்டுகிற காது அது.

"அது கதவு சாத்துறது சார்" என்றார்.

"எது?"

"நீங்க போட்டுட்டே இருக்கீங்களே, அது. எங்க ஊரு கோயில்ல ராத்திரி கதவு சாத்தறப்ப வாசிப்பாங்க."

அவர் பிறந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம். கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கிற வீடு. கல்யாணமாகிப் போனது கருவேப்பிலங்குறிச்சிக்கு, அங்கிருந்துதான் தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருகிறார். சின்ன வயசு முழுக்கக் கோயில் மதில் ஓரத்தில் பூ கட்டிக்கொண்டே நாதஸ்வரம் கேட்டிருக்கிறார். ராகத்தின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. எந்த நேரத்தில் எது வாசிப்பார்கள் என்று மட்டும் தெரியும். நான் நீலாம்பரி என்று போட்டேன். அதுவரை யாரும் சரியாகச் சொல்லியிருக்கவில்லை, எனக்கு முதல் புள்ளி கிடைத்தது. 'சபாஷ்' என்று பதினாறு பேர். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. பத்து மணிக்கு நான் போனைத் தட்டும் மேஜையில் வைப்பேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டே கேட்பார். ஒரே தடவைதான். "நட தெறக்கிறது" என்றால் பூபாளம். "சாமி கெளம்புறது" என்றால் கம்பீரநாட்டை. "மால மாத்துறது" என்றால் மோகனம், திருக்கல்யாணத்தில் அவர்கள் ஊரில் அதைத்தான் வாசிப்பார்களாம். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது வாசிக்கிற மத்தியமாவதிக்கு அவர் வைத்த பெயர் "முடிக்கிறது". கோயிலில் கேட்காத ராகம் வந்தால் ஏதாவது சினிமாப் பாட்டை முணுமுணுப்பார். அதை வைத்து நான் பிடித்துக்கொள்வேன். அவர் சொல்வதைப் பெயராக மாற்றி டைப் அடிப்பது மட்டும்தான் என் வேலை. அந்த வேலைக்குத்தான் சபாஷெல்லாம் எனக்கு வந்தது.

குழுவில் என் மதிப்பு ஏறிவிட்டது. 'விருத்தாசலத்தார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கொலு பொம்மை கேட்ட அம்மாள், "தங்கள் குடும்பத்தில் சங்கீதம் உண்டோ?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்லைங்க, ஏதோ கேள்வி ஞானம்" என்று எழுதினேன். என்ன அடக்கம் பாருங்கள். கேள்வி ஞானம்தான், ஆனால் கேட்டது யார் காது? அந்த வரியை இப்போது நினைத்தால் வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருக்கிறது. அன்றைக்கு அதை எழுதிவிட்டு நானே நாலு தடவை படித்து ரசித்தேன்.

அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். ரிசல்ட் வந்ததும் போனை வாங்கி, விரலால் மெல்லத் தள்ளித் தள்ளிப் படிப்பார். எட்டாவது வரை படித்தவர். ஒரு நாள் படித்துவிட்டுக் கேட்டார்.

"இதுல என் பேரு எங்க சார் இருக்குது?"

கோபமாகக் கேட்கவில்லை. டிபன் பாக்ஸ் மூடி எங்கே என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் என்னென்னவோ சொன்னேன். குழுவில் உறுப்பினர் பெயரில்தான் போட முடியும், அது அவர்கள் விதி, உனக்கு ஸ்மார்ட் போன் இல்லையே என்று. ஒன்றும் உண்மை இல்லை. விதியில் அப்படி எதுவும் கிடையாது.

"நான் சொன்னேன்னு கீழ ஒரு வரி எழுதுனா போதும் சார். ஒரு வாட்டி. எம் பொண்ணுகிட்ட காட்டணும். நான் இங்க ராகம் சொல்றேன்னா அது நம்ப மாட்டேங்குது, கட்டதான தட்டுறன்னு சிரிக்குது."

சரி என்றேன். அந்த வாரம் நான்தான் முன்னால் இருந்தேன். சனிக்கிழமைப் புதிரையும் சொல்லிவிட்டால் வார ரசிகர் பட்டம் எனக்குத்தான். "பட்டம் வந்ததும் நாலு வரி எழுதணும்மா. அதுல உன் பேரப் போட்டு, இவங்க காதுதான், என் காது இல்லன்னு எழுதிடுறேன்" என்றேன். நிஜமாகவே எழுதுவதாகத்தான் இருந்தேன் என்று இன்றைக்கும் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். அதை யாரும் சோதித்துப் பார்க்கும்படி ஆகவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குத் துண்டு வந்தது. வயலின், ஆறே வினாடி. அட்மின் மேலே எழுதியிருந்தார், "இன்று சற்றுக் கடினம். தம்புரா ஒலியை நீக்கியுள்ளேன்." ஏதோ ஒரு ஆப்பை வைத்துப் பின்னால் கேட்கிற சுருதியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தார். சங்கீதம் தெரியாதவர்களுக்கு இதை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். மோகனத்தின் ஸ்வரங்களையே வைத்துக்கொண்டு, அதில் 'ரி'யை ஆதாரமான 'ஸ'வாக, அதாவது ஸட்ஜமாக, நினைத்துக் கேட்டால் அது மத்தியமாவதி. எது ஸட்ஜம் என்று காட்டுவது பின்னால் ஓடுகிற தம்புராதான். அதை எடுத்துவிட்டால், பெயர் மட்டும் தெரிந்த என்னைப் போன்றவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த அம்மா முதல் தடவையாக இரண்டாம் முறை போடச் சொன்னார்.

"அடிச்சத்தத்தத் தொடச்சிட்டாங்க சார்" என்றார். கட்டையைத் தட்டும்போது மேல் சத்தம் ஒன்று, அடிச் சத்தம் ஒன்று உண்டு என்பார். கீறல் விழுந்த கட்டையில் அடிச் சத்தம் இருக்காது. "இருந்தாலும் இது முடிக்கிறதுதான். அந்த இழுப்பு மால மாத்துறதுல வராது."

"நிச்சயமாவா?"

"முடிக்கிறதுதான் சார்."

மத்தியமாவதி என்று போட்டேன். மற்றவர்கள் எல்லாரும் மோகனம் என்று போட்டிருந்தார்கள். பத்தேகாலுக்கு அட்மின் விடையைப் போட்டார். மோகனம். கூடவே என் பெயரைக் குறிப்பிட்டு ஒரு பாரா. மோகனத்தை மத்தியமாவதி என்று மயங்குவது பால பாடத்தில் வருகிற பிழை என்றும், விருத்தாசலத்தாரிடம் இதை எதிர்பார்க்கவில்லை என்றும், சனிக்கிழமைதான் சரக்கு தெரிகிறது என்றும். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. கொலு அம்மாள்கூட ஒன்று போட்டார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அடுத்து நான் செய்ததை எந்தப் பூச்சும் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். "மன்னிக்கவும். நானும் மோகனம் என்றுதான் நினைத்தேன். இங்கே வேலை செய்யும் ஒரு அம்மா சொன்னதை நம்பி அவசரத்தில் போட்டுவிட்டேன். அவருக்குச் சங்கீதம் தெரியாது" என்று எழுதினேன். 'ஒரு அம்மா' என்று நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. என்மேல் சந்தேகம் துளிகூட ஒட்டக்கூடாது என்று அந்த அம்மாவின் பெயரை, எழுத்து பிசகாமல், 'கட்டை தட்டுபவர்' என்ற வேலையோடு சேர்த்து எழுதி அனுப்பினேன்.

அந்தக் கனவான்கள் பிடித்துக்கொண்டார்கள். "களிமண்ணில் கமகம் தேடலாமா?" என்றார் ஒருவர். "கட்டையைத் தட்டலாம், தாளம் தட்ட முடியுமா?" என்றார் இன்னொருவர். 'சபாஷ்' என்று போட்ட அதே பதினாறு விரல்கள் இப்போது இதற்கும் கைதட்டின. தினமும் விடியற்காலையில் சாமி படமும் நற்சிந்தனையும் அனுப்புகிறவர்கள் இவர்கள். இவர்களுடைய அழுக்கு அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது என்று சொன்னால் அது பொய். முன்பே தெரியும். அதன் நடுவில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றிருந்தேன்.

போன் மேஜையிலேயே இருந்தது. லோடு ஏற்ற வந்த வண்டிக்காரர் கூப்பிட்டார் என்று வெளியே போனேன். திரும்பி வந்தபோது அந்த அம்மா வழக்கம்போல் அதை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தார். தன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. உதடு அசைய மெல்லப் படித்தார். கடைசி வரை படித்தார். பிறகு போனை என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த ஜோடியை எடுத்துத் தட்டினார்.  நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பேச வாய் வரவில்லை என்று எழுதலாம், ஆனால் வாய் நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் போனை மேஜையில் வைத்தேன். வைக்கிற துணிச்சலும் இருந்தது எனக்கு. அவர் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு சூளைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அதிலிருந்து தினமும் அங்கேதான் குடித்தார். வேலையில் எப்போதும்போல "சார், இந்த லாட்டு முடிஞ்சிது", "சார், கூட நெறஞ்சிடுச்சி" என்று பேசுவார். அதற்கு மேல் கிடையாது. எனக்கு இல்லாத காதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் முயன்றேன். அட்மின் "இன்னும் கேட்க வேண்டும்" என்று போட்டார்.

பத்து நாள் கழித்து, வெளிநாட்டில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் ஒரு நீளமான ஒலிப்பதிவைக் குழுவில் போட்டார். அந்த வயலின் கச்சேரியில் அவர் நேரில் உட்கார்ந்து கேட்டவராம், முழுக் கச்சேரியையும் வைத்திருந்தார். அட்மின் வெட்டிப் போட்டது கச்சேரியின் கடைசித் துண்டு. தம்புராவோடு கேட்டால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், மத்தியமாவதி. அட்மினிடம் இருந்த கோப்பின் மேல் 'மோகனம்' என்று எழுதியிருந்திருக்கிறது. அது அதற்கு முன்னால் வாசித்தது. அவர் காதால் கேட்டு விடை சொல்லவில்லை, கோப்பின் தலைப்பைப் படித்துச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் தங்களுக்கு முன்னால் போட்டவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆறு வினாடியை உண்மையாகவே கேட்டது இருநூறு பேர் இருந்த இடத்தில் ஒரே ஒருத்தர். அவருக்கு அந்தக் குழுவில் இடமே இல்லை.

அட்மின் எழுதியது இவ்வளவுதான்: "கோப்பில் தவறு நேர்ந்துள்ளது." அதற்குப் பத்துப் பதினைந்து பேர் கைகூப்பினார்கள். "தங்கள் பெருந்தன்மை" என்றார் களிமண் ஜோக் அடித்தவர். அடுத்த நிமிஷம் அன்றைய புதிர் வந்துவிட்டது. எல்லாரும் தோடியா, தன்யாசியா என்று அடித்துக்கொள்ளப் போய்விட்டார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன். எழுந்து போய் முகம் கழுவினேன்.

பிறகு உட்கார்ந்து ஒரு நீளமான செய்தி தயார் செய்தேன். அந்த அம்மாவின் பெயர், பிறந்த ஊர், கோயில், பூ கட்டினது, கதவு சாத்துறது, முடிக்கிறது எல்லாம் எழுதி, இத்தனை மாதமும் நான் வாங்கிய புள்ளி எல்லாம் அவருடையது என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்கவா, இல்லை மெச்சிக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டதா என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

தட்டும் மேஜைக்குப் போய், "நீ சொன்னதுதாம்மா சரி. முடிக்கிறதுதான்" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். கையில் இருந்த கட்டைகளைத் தட்டி நல்ல கட்டைகள் பக்கம் வைத்தார்.

செய்தியைப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார்.

"அன்னிக்கு எழுதுனத எடுக்க முடியுமா சார்?"

"எது?"

"எம் பேரப் போட்டு, அதுக்குச் சங்கீதம் தெரியாதுன்னு எழுதுனீங்களே. அது."

போனை எடுத்துத் தேடினேன். அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். என் போனிலிருந்து மட்டும் அழிக்கலாம் என்று வந்தது. எல்லாருடைய போனிலிருந்தும் அழிக்கிற கெடு எப்போதோ தாண்டியிருந்தது. அந்தப் பத்து நாளில் எனக்கு அதை எடுக்கத் தோன்றவே இல்லை.

"முடியாதும்மா. நாள் ஆயிடுச்சி" என்றேன்.

அவர் அடுத்த ஜோடியை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"அப்ப இதையும் அனுப்பாதீங்க சார். இதப் படிச்சா, என்னா நடந்துதுன்னு எல்லாரும் மேல போயி அதத்தான் திரும்பப் படிப்பாங்க."

"உன் பொண்ணுகிட்ட காட்டணும்னியே" என்றேன்.

"அதுவும்தான் சார் மேல போயிப் படிக்கும்" என்றார்.

செய்தியை அழித்தேன். குழுவை விட்டு விலகினேன். விலகுவதற்கு முன்னால் தேடும் இடத்தில் அந்த அம்மாவின் பெயரை அடித்துப் பார்த்தேன். ஒரே ஒரு வரி வந்தது, நான் எழுதியது. இருநூறு பேர் போனில் அது இன்னும் அப்படியே இருக்கிறது. இங்கே இத்தனை எழுதியும் அவர் பெயரை எழுதாமல் விட்டதற்குக் காரணமும் அதுதான்.